வள்ளத்துக்கு ஒரு பங்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஜினிஷாவின் ரெக்கார்டு நோட்டிலிருந்த முப்பத்துநான்கு மதிப்பெண்களும் தாளைவிட்டு இறங்கி, வரிசையாக வகுப்பறை வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்து, கருங்கல் பஸ்ஸில் ஏறிப் போயின. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. அன்று சந்தையில் ஏத்தன் வாழைக்குலை கிலோ நாற்பத்தாறு ரூபாய்.

ஜினிஷா, கருங்கலில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஏசுஅடிமையின் மகள். பி.எட். கடைசி ஆண்டில், கற்பித்தல் பயிற்சிக்காக இனயம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, மதிப்பெண்ணை அட்டவணையாக்கி, வரைபடம் போட்டு, எந்தப் பிள்ளை எங்கே இடறுகிறது என்று பார்த்து மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். சீனியரின் ரெக்கார்டை வாங்கிப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதவேண்டும் என்பது கல்லூரி வழக்கம். சீனியர் எலிசா கொடுத்த ரெக்கார்டு பதினோரு வருடம் கைமாறி வந்தது. எந்த வருடமும் அதே மதிப்பெண்கள், வரைபடத்தின் நடுவில் அதே அழகான குன்று. மேலே நல்ல சீப்பை வைத்து அடியில் பிஞ்சை மறைக்கிற வித்தையைப் பார்த்து வளர்ந்த ஜினிஷாவுக்கு அதில் மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். ரெக்கார்டு இல்லையென்றால் பட்டம் இல்லை. ஜூனில் சேரச் சொல்லியிருந்த பள்ளி வேலையும் இல்லை. அவள் திரும்ப எழுதினாள். அவை அடுத்த பஸ்ஸைப் பிடித்தன. போனில் எலிசா, “ஏட்டி, பதினோரு வருஷமா ஓடாதது ஒனக்க கையில வந்ததும் ஓடிச்சாக்கும்?” என்று சிரித்தாள். வழிகாட்டி குமாரதாஸ் சார் வெற்றுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தாள் மட்டம், வேறு நோட்டு வாங்கு என்றார். “குன்னு இல்லாத ரெக்கார்டை வெள்ளிக்கிழமை வாறவரு தொடமாட்டாரு, கேட்டியா மக்கா.”

வேறு வழியில்லாமல் புதன்கிழமை அவள் உண்மையிலேயே தேர்வு வைத்தாள். வியாழன் காலை, திருத்திய மதிப்பெண்களை வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினாள். இவை பஸ்ஸுக்குப் போகவில்லை. தாளிலும் நின்றன, எழும்பிப்போய் அவரவர் தலைக்கு ஒரு சாண் உயரத்திலும் நின்றன. பிறகு தப்பான விடைகளும் மேலே வந்தன. ஏழாம் கேள்வி: ஆறு பேர் நாற்பத்தெட்டு மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை? பத்தொன்பது தலைகளுக்குமேல், எட்டுக்குப் பதிலாகப் பத்தொன்பது ஆறுகள், அந்திக்கடலில் வள்ளங்களின் விளக்குபோல மெல்ல ஆடின. ஜன்னலில் இருந்த காக்கைகூடக் கரையவில்லை.

வகுத்தல் தெரியாத பிள்ளைகள் பத்தொன்பது என்று முந்தின நாள் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தாள். இப்போது முதல் பெஞ்சிலிருந்த சுபிதாவிடம் எப்படி ஆறு வந்தது என்று கேட்டாள். சுபிதா தன் தலைக்குமேல் இருந்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு உண்டுல்லா டீச்சர்? பின்ன ஆளுக்கு ஆறுதானே வரும். அதைக் குடுக்காம ஆரு மீனைப் பங்குவெப்பா?”

எட்டால் வகுத்திருக்கிறார்கள். ஒருவரும் பிசகவில்லை. பதினோரு வருடக் குன்றுக்கு அடியில் இப்படி எத்தனை பேர் கிடந்தார்களோ என்று ஜினிஷா நினைத்துப் பார்த்தாள். வள்ளமும் வலையும் பங்கு கேட்காத கணக்கு இது என்று சொல்லி மறுபடி கொடுத்தாள். எல்லோரும் எட்டு என்றார்கள். தலைக்குமேல் நின்ற ஆறுகள் பறந்துபோய்ப் பின்சுவரில் அமர்ந்தன.

வெள்ளிக்கிழமை சுசீந்திரத்திலிருந்து வந்த தேர்வாளர் வைகுண்டராஜன், வரைபடத்தில் ஒரு குன்றுக்குப் பதில் இரண்டு மேடு இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். குமாரதாஸ் சார் கூரையைப் பார்த்தார். ஒரு மேடு, ஏழாம் கேள்விக்கு ஆறு எழுதிய பத்தொன்பது பேர் என்று ஜினிஷா நடந்ததை அப்படியே சொன்னாள். வைகுண்டராஜன் ஏழாம் கேள்வியின்மேல் விரலை வைத்தார். விரல் நனைந்தது. மோந்து பார்த்தார், உப்புவாடை. கைக்குட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் ஜினிஷா வேலைக்குச் சேர்ந்தாள். எலிசாவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்களின் மதிப்பெண்கள் அதன்பிறகும் வருடாவருடம் பஸ் ஏறின. கண்டக்டர் இப்போது இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கிறார். போன மே மாதம் பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள், பின்சுவரிலிருந்த பத்தொன்பது ஆறுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அவற்றில் சுண்ணாம்பு படாமல் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள்.