பொஷொந்தோ வந்த வீடு

கூலி லைன் முனையில் நின்ற வேப்பமரத்தில் ஒரு ஈர்க்குகூட மிச்சமில்லை. கையெட்டும் கொப்பெல்லாம் பல்குச்சிக்குப் போயிருந்தது. கொக்கி எட்டும் கொப்பில் துளிர்த்ததை, இந்த மாதத்தில் கத்தரிக்காயோடு வதக்கித் தின்றால் உடம்புக்கு நல்லதென்று வங்காளிப் பெண்கள் பறித்துக்கொண்டு போயிருந்தார்கள். மொட்டை போட்டுவிட்டு மலையிறங்கியவனைப் போல மரம் நின்றது. பெத்துராஜ் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு வேறு மரம் தேடி நடக்க ஆரம்பித்தான்.

காலை ஷிஃப்டு முடிந்து நேரே வந்திருந்தான். வங்காளத்து கார்டன் ரீச் கப்பல் துறையில் பழுதுக்கு வந்து நிற்கும் கப்பல்களின் வயிற்றுக்குள் இறங்கி, சுத்தியலால் துருவைக் கொத்தி எடுப்பது அவன் வேலை. காது மடலிலும் இமையிலும் துருத்தூள் அப்பியிருந்தது. வீட்டுக்குள் போய்க் கால் நீட்டலாமென்றால் ராஜம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"இலை பூரா காஞ்சு போச்சு. புள்ள அரிப்பு தாங்காம நகத்தால பிறாண்டுறா. முத்து உடைஞ்சா தழும்பாயிரும். பச்சை வேப்பிலை இல்லாம வீட்டுக்குள்ள வராதீங்க."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். உங்க காதுதான் சுத்தியல் சத்தத்துல செத்துப் போச்சே."

தாரா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரே மகள். காய்ச்சல் கண்டு, வயிற்றிலும் முதுகிலும் முத்து போட்டிருந்தது. ராஜம்மா தாளிப்பதை நிறுத்திவிட்டாள். தலையில் பூ வைப்பதில்லை. யார் வந்து கேட்டாலும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாள். அம்மா வந்திருக்கிறாள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. வந்தது பெரியவளா சின்னவளா என்பது அவர்களுக்கும் தெரியாது.

வெளியே தெரிந்தால் வண்டி வரும். போன வருஷம் பக்கத்து லைன் சிவலிங்கத்தின் மனைவியை அந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட யாரையும் விடவில்லை. சிவலிங்கம் ஆஸ்பத்திரி மதில் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். கடைசியில், உள்ளேயே எரித்தாயிற்று என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அதைப் பார்த்த ராஜம்மா, "என் புள்ளைய வண்டியில ஏத்துறதுன்னா என்னைக் கொன்னுட்டு ஏத்துங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

அந்த வண்டிக்கு முன்னால் ஒரு ஜீப் வரும். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போகும். பொஷொந்தோ கண்ட வீட்டைக் காட்டிக் கொடுத்தால் இனாம் என்று கத்தும். பெத்துராஜுக்குத் தெரிந்த வங்காளம் கப்பலடியில் கற்றது. தூக்கு, இறக்கு, தள்ளி நில், நாளைக்கு வா. அதற்கு மேல் அவனுக்கு அந்தப் பாஷை தேவைப்பட்டதில்லை. பொஷொந்தோ என்ற வார்த்தை மட்டும் ஜீப்பில் ஏறி வந்து அவன் காதில் விழுந்தது. அம்மைக்கு இந்த ஊரில் அதுதான் பேர் என்று புரிந்துகொண்டிருந்தான்.

வேப்பமரம் தேட வேண்டுமென்றால் அண்ணாந்து பார்த்துத்தான் நடக்க வேண்டும். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவன் அண்ணாந்து பார்த்தது கிரேனை மட்டும்தான். கழுத்து வலித்தது.

கால்வாய் ஓரத்தில் முருங்கை பூத்திருந்தது. பொரியை அள்ளி மரத்தின் மேல் இறைத்தது போல. ஒருத்தி கிளையை உலுக்கிப் பூவை முந்தானையில் வாங்கிக்கொண்டிருந்தாள். பூவையே தின்றுவிட்டால் காய்க்கு எங்கே போவார்கள் என்று நினைத்துக்கொண்டே கடந்தான். லாரிகள் நிற்கும் மதிலோரம் இலவமரம் ஒன்று, ஓர் இலை இல்லாமல், கொப்பு நிறையச் சிவப்புப் பூவோடு நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூ லாரிக் கூரை மேல் பொத்தென்று விழுந்தது. கீழே ரோட்டில் நசுங்கிக் கிடந்த சிவப்பைக் குனிந்து பார்த்தான். வருஷா வருஷம் அந்த இடத்தில் அவன் கால் வழுக்கியிருக்கிறது. கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டை எவனோ சிந்திவிட்டான் என்று ஒவ்வொரு வருஷமும் திட்டிவிட்டுப் போயிருக்கிறான். பூவா இது.

ஊரே பூத்துக் கிடந்தது. பெயர் தெரியாத மஞ்சள் பூ, மதிலேறி வழியும் காகிதப் பூ, பிஞ்சு விட்ட மாமரம். எல்லாவற்றையும் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. அவனுக்கு வேண்டியது இலை.

ரயில்வே பெரிய அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்த ரோட்டில் கடைசியில் ஒரு வேம்பு கிடைத்தது. காம்பவுண்டுக்குள் நின்றது. செம்பு நிறத்தில் கொழுந்து. கொழுந்துக்கு நடுவே கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. வாசனை ரோடு வரை வந்தது. கேட்டில் காவலுக்கு வயதான ஒரு ஒரியாக்கார தர்வான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு கொப்பு வேணும், அண்ணே. பூஜைக்கு," என்றான் பெத்துராஜ், இந்தியும் வங்காளமும் கலந்து.

தர்வான் அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தான். "எந்த சாமி உன்னை இந்தக் கோலத்துல பூஜைக்குக் கூப்பிட்டுச்சு? குளிச்சிட்டு வந்தா வேண்டாம்னுமா சொல்லுது?"

"அவசரம்."

"மத்ராசி சாமிக்கு எல்லாம் அவசரம்தான். சீக்கிரம் ஏறு. வீட்டு அம்மா தூங்கி எழுந்திரிக்கிற நேரம்."

பெத்துராஜ் ஏறினான். எட்டு மணி நேரம் குனிந்து கொத்திய முதுகு, கையைத் தூக்கும்போது பிடித்து இழுத்தது. ஒடித்து ஒடித்துக் கீழே போட்டான். இறங்கி, கொப்புகளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது வராந்தாவில் வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. தூக்கம் கலையாத முகம். துரு அப்பிய ஒரு ஆள் முகத்தை மறைக்கும் அளவுக்கு வேப்பம்பூவைச் சுமந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு. அதில் ஏளனம் இல்லை.

"பொஷொந்தோ எஷே கேச்சே, நா?" என்றாள்.

பொஷொந்தோ வந்துவிட்டது, இல்லையா. அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இலையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். ஒரு கொப்பு நழுவிக் கீழே விழுந்தது. தெரிந்த வங்காளத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துப் பேசினான்.

"மா, ஒரே பொண்ணு, மா. சின்னவ. வண்டிக்குச் சொல்லாதீங்க. வீட்டுலேயே வச்சுப் பார்த்துக்கிறோம். எனக்கு ஒண்ணுமில்ல, பாருங்க." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினான். "சந்துல யாருக்கும் தெரியாது, மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் மறந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவன் கையைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

தர்வான் தலையில் அடித்துக்கொண்டான். "அட மத்ராசி, என்ன காரியம் பண்ணின? அம்மா சொன்னது நோவை இல்ல. ருதுவை. பூ பூக்கிற காலத்தை. பாகுன், சைத் மாசம். அதுக்குப் பேரு பொஷொந்தோ. உன் வீட்டுச் சங்கதிய அவங்க எங்க கேட்டாங்க?"

பெத்துராஜ் கொப்பை இறக்கிப் பிடித்தான். "ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"ஒரே பேருதான்."

"எந்த மடையன் வச்சான்?"

"உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?"

"அம்மான்னு சொல்லுவோம்."

தர்வான் எழுந்துகொண்டான். "நோவுக்கு அம்மான்னு பேரு வச்சவன், வங்காளியை மடையன்னு சொல்றான்." ஸ்டூலைத் தூக்கித் தள்ளிப் போட்டுக்கொண்டான். "போ. கிட்ட வராத. கீழ விழுந்ததையும் எடுத்துட்டுப் போ."

திரும்பும்போது அவன் மேலே பார்க்கவில்லை. நோய்க்கும் பூவுக்கும் ஒரே பேர். ராஜம்மாவிடம் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தான். ஜீப் வந்து நிற்கும்போது அவளுக்குத் தெரியத்தானே போகிறது.

இலையை உருவிப் பிள்ளைக்கு அடியில் பரப்பிய பிறகு சொன்னான். ராஜம்மா கத்தவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"யாரும் கேக்காமலே சொன்னீங்க."

"அவங்க கேட்டாங்கன்னு நினைச்சேன்."

"பூ பூத்திருக்குன்னு ஒரு பொம்பள சொல்லியிருக்கா. ஆமான்னு தலையாட்டிட்டு வாரதுக்கு என்ன?" அவள் ஒரு கொழுந்துக் கொத்தால் பிள்ளையின் முதுகை மெல்ல வருடினாள். "நமக்கு யாராவது சிரிச்சுப் பேசினாலே தப்பாத்தான் படும். பழக்கமில்லல்ல."

தாரா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும், பாபா. இஸ்கூல்ல இருக்கு. பொஷொந்தோ கால்னா பூக்கிற காலம். நீ என்னைக் கேட்டிருக்கலாம்."

"தூங்கு."

மறுநாள் ஜீப் வந்தது. ஒலிபெருக்கி போடாமல் வந்தது. அதுவே எல்லோரையும் வெளியே இழுத்தது. ஒரு இளவயசு டாக்டரும் பெட்டி தூக்கிய ஒரு நர்சும் இறங்கினார்கள். பெத்துராஜ் வேலைக்குப் போகாமல் சுவரோரம் நின்றிருந்தான். ராஜம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள்.

"ஏத்த விடமாட்டேன்," என்றாள் தமிழில். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கை தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பார்க்கத்தான் வந்தேன் என்று சைகையில் சொன்னார். ராஜம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் ஒரு கையை மட்டும் எடுத்தாள். டாக்டர் அந்த இடைவெளியில் நுழைந்து போனார்.

அவர் தாராவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். இரண்டிலும் முத்து இல்லை. வயிற்றில் ஒரு முத்தை விரல் நுனியால் தடவினார். டாக்டர் எழுந்து நர்சிடம் இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று ராஜம்மா வாசலிலிருந்து கேட்டாள்.

"ஜோல் பொஷொந்தோவாம்," என்றாள் தாரா. "தண்ணி பொஷொந்தோ. சின்னது. வண்டி வேண்டாமாம்."

ராஜம்மா நிலையை விட்டாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன போல, ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள். அழவில்லை. "இதைச் சொல்ல இவ்வளவு தூரமா வந்தீங்க, மகராசா. காப்பி குடிப்பீங்களான்னு கேளு, தாரா," என்றாள்.

டாக்டர் காப்பி குடிக்கவில்லை. ஆனால் வந்ததற்கு லைனில் ஒருவர் விடாமல் அம்மை ஊசி குத்திவிட்டுத்தான் போனார். அடுத்த ஒரு வாரம் எல்லோரும் வீங்கின கையைத் தூக்கிக்கொண்டு பெத்துராஜைத் திட்டினார்கள். சங்கதி கப்பலடி வரைக்கும் போனது. அவன் வேலை பார்த்த கூட்டத்து மேஸ்திரி மாணிக்கம் சந்து முனைக்கு வந்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய் பெத்துராஜு, புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் கப்பலடிப் பக்கம் தலை காட்டாத. உன் இடத்துல வேற ஆள் போட்டிருக்கேன்."

"திரும்பி வந்தா இடம் இருக்குமா, அண்ணாச்சி?"

"வா, பாப்போம்."

பாப்போம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அது ஒரே ஒரு அர்த்தமுள்ள வார்த்தை.

தண்ணி ஊற்றும் நாளுக்கு மறுபடி வேப்பிலை வேண்டியிருந்தது. வேறு மரம் ஏது. அந்த பங்களாவுக்கே போனான். தர்வான் தூரத்திலேயே கையை நீட்டி நிறுத்தினான். ராஜம்மா கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தைச் சுவர் மேல் வைக்கச் சொன்னான். பிறகு தானே ஒரு கொக்கியை எடுத்துக் கொப்பை இழுத்து ஒடித்தான்.

"பெரிய பொஷொந்தோவுக்குத்தான் இனாமாம்," என்றான், திரும்பாமலே. "சின்னதுக்குக் கிடையாதாம். உன் பின்னாலேயே வந்து வீட்டைப் பாத்துட்டு, அவ்வளவு தூரம் நடந்து போய்ச் சொன்னதுக்கு ஒரு டீகூடத் தரல."

அந்த அம்மாள்தான் போன் போட்டிருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். இந்தக் கிழவன். பெத்துராஜ் கோபம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். கொப்பை வாங்கிக்கொண்டு நடந்தான். வராந்தாவில் யாரும் இல்லை.

கொப்பைப் பார்த்து ராஜம்மா முகம் சுளித்தாள். "பூவாக் கொண்டாந்திருக்கீங்க. இலை எங்க?"

"அதுல இருக்கிறதுதான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே இலையை மட்டும் உருவிக் குடத்தில் போட்டு, குடத்தை வெயிலில் வைத்தாள். பூவை உதறிப் பழைய செய்தித்தாளில் காய வைத்தாள். வருஷப் பிறப்பு ரசத்துக்கு ஆகும். அன்றைக்குத் தாளித்துக்கொள்ளலாம்.

தாரா வாசலில் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். முதுகில் பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"பாபா, இஸ்கூல்ல பொஷொந்தோ பத்தி எழுதிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஒண்ணும் பாக்கல. நீ தினம் வெளிய போன. என்னெல்லாம் பூத்திருக்கு?"

பெத்துராஜ் சுவரில் சாய்ந்திருந்தான். வேலையில்லாத கை மடியில் கிடந்தது.

"இலவம் பூத்திச்சு. எல்லாம் விழுந்து லாரி ஏறி நசுங்கிப் போச்சு."

"அப்புறம்?"

"முருங்கை. அதைத் தின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"வேம்பு. அந்தா காயுது."

"அவ்வளவுதானா?"

அவனுக்கு அந்த மஞ்சள் பூ ஞாபகம் வந்தது. அதன் பெயர் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டால் என்ன அர்த்தத்தில் பதில் வருமோ.

"அவ்வளவுதான்," என்றான்.

"எந்திரிடி," என்றாள் ராஜம்மா. "தண்ணி சுட்டுருச்சு."