அட்டலில் இருந்தவர்கள்

பெரிய மனிதர் யாராவது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வருகிறார் என்று சேதி வந்தால் போதும், வட்டவளைக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கால் இல்லாதவர், கண் தெரியாதவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லாரும் அட்டலில் ஏறிவிடுவார்கள். அடுப்புக்கு மேலே விறகு அடுக்கும் பரண்தான் அட்டல். வேலைக்கு ஆகாதவன் இருக்கிறான் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் தோட்டத்தை விட்டு விரட்டி, இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, இவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனதிலிருந்து அந்தப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்தவர் பத்திநாதன். ஹட்டனில் படித்து வளர்ந்தவர்தான். ஏழைகளுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் அரசாங்கச் செலவில் வைத்தியம் கிடைக்கத் திட்டம் போடலாமா என்று ஆராயும் குழுவுக்காக வீடு வீடாக விசாரித்தார். நல்ல காரியத்துக்கு வந்த மனிதர். ஆனால் காலில் சப்பாத்து, கூடவே தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்குப்பிள்ளை. பயப்பட இது போதாதா?

வீரம்மா தன் புருஷன் அழகுமுத்துவை அட்டலில் ஏற்றிவிட்டு, ஏணியை வாசலுக்கு வெளியே சுவரில் சாத்தினாள். ரோட்டு வேலையில் கல் உருண்டு விழுந்து, அவனுக்கு ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். கட்டைக்கால் ஒன்று கிடைத்தால் தேயிலை ஸ்டோரில் ஏதாவது வேலை கேட்கலாம் என்பது அவன் ஆசை. அது அவள் ஆசையும்தான்.

“வீட்ல உடம்பு முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டார் பத்திநாதன்.

“யாருமில்லீங்கய்யா. மாரியாத்தா புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்.”

“உங்க வீட்டுக்காரரு?”

“வெறகுக்குப் போயிருக்காருங்க.”

சுத்தப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. விறகோடுதான் இருந்தான்.

பத்திநாதன் எழுந்தார். “இந்த லயத்துல எல்லா வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க. சந்தோசம். அப்ப இந்தத் தோட்டத்துக்கு இப்படி ஒரு திட்டம் தேவையில்லன்னுதான் எழுதணும்.”

வீரம்மா அட்டலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். வாயைத் திறந்தால் புருஷன் போய்விடுவான். திறக்காவிட்டால் கட்டைக்கால் போய்விடும். வாசலில் கணக்குப்பிள்ளை வேறு மலைபோல நின்றார்.

மேலிருந்து ஒரு விறகுக்கட்டை பொத்தென்று விழுந்தது.

“பூனைங்கய்யா,” என்றாள்.

“பூனையில்லீங்க, நான்தான்,” என்றது அட்டல். “அழகுமுத்து. ஒரு கால் இல்லீங்க. எழுதிக்குங்க.”

பத்திநாதன் அண்ணாந்து பார்த்தார். கரி அப்பிய முகத்தில் கண் இரண்டு மட்டும் தெரிந்தன. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“திட்டம் கட்டாயம் வரும்னு என்னால சொல்ல முடியாதுங்க. நான் விசாரிக்க வந்தவன் மட்டுந்தான்.”

“வராட்டிப் போவுதுங்க. இருக்கிற ஆள இல்லன்னு எழுதிட்டுப் போயிராதீங்க.” அழகுமுத்து அட்டல் விளிம்புக்கு நகர்ந்தான். “வீரம்மா, ஏணியக் கொண்டா.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே! ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது. ஏணியோ கணக்குப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. ஏணி எடுக்கணும்.”

கணக்குப்பிள்ளை அவளையே பார்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

அழகுமுத்து கீழே இறங்கியதும் கூரையைப் பார்த்துக் கத்தினான். லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அட்டலில் கிடப்பவர்கள் இப்படிப் பேசிப் பழகியவர்கள்தான்.

“மாயாண்டிண்ணே! நான் எறங்கிட்டேன்!”

பிறகு பக்கத்து வீட்டு அட்டலிலிருந்து, கண் தெரியாத மாயாண்டியின் குரல் கேட்டது.

“எனக்கும் யாராச்சும் ஏணி வையிங்கப்பா.”

பத்திநாதன் வாசலுக்கு விரைந்தார். அவருக்கு முன்னால் வீரம்மா ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.