மூன்றுகால் நாற்காலி

"அந்த நாற்காலிய மட்டும் தொடாதீங்க, சொல்லிட்டேன்" என்றாள் பூட்டுக்காரரின் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

கொல்லையில் கோழிகள் மேயும் கம்பிவலைக்குள் அந்த நாற்காலி கிடந்தது. கால் மூன்றுதான், நான்காவதற்குச் செங்கல். பக்கத்தில் ஒரு ஓட்டை வாளி, சுவரோடு சாய்த்த பழைய கதவுப் பலகை.

"இது கொல்லையா, காயலான் கடையா?" என்றார் பூட்டுக்காரர். அவர் பட்டறையில் ஒரு சாவி ஆணி மாறித் தொங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"காயலான் கடைதான். முதல்ல உங்களத்தான் எடைக்குப் போடணும். எவனும் வாங்க மாட்டான்னு வெச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். பதினொரு மணிக்குக் கடைக்காரர் போன் செய்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேஜைமேல் சாய்ந்தாளாம். இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். அவருக்கு இரண்டும் நிற்காமல் ஓடின. வந்தவர்கள் கிளம்பியதும் வீட்டைக் கழுவினார். அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினார். பிறகு கொல்லைக்கு வந்தார். வாளி போயிற்று, பலகை போயிற்று. நாலு மூலையில் கிடந்த தீனிக் கிண்ணங்களை எடுத்துவிட்டுத் தகரத்தில் ஒரே நீளத் தொட்டி செய்து வைத்தார். நாற்காலியைத் தூக்கும்போது மட்டும் கை தயங்கியது. அதுவும் வாசலுக்குப் போனது.

பழைய சாமான்காரன் வாளியையும் பலகையையும் ஏற்றிக்கொண்டு, நாற்காலியைக் காலால் தட்டிப் பார்த்தான். "இத எவன் சார் வாங்குவான்?" என்று விட்டுவிட்டுப் போனான்.

தொட்டி வைத்த நாலாம் நாள் ஆரம்பித்தது ரகளை. ஆறு கோழிகளில் பெரியது, அவள் 'மேனேஜர்' என்று பேர் வைத்த சிவப்புக் கோழி, தொட்டியின் நடுவில் நின்றுகொண்டு ஒன்றையும் அண்டவிடவில்லை. கடைசி இடம் 'பஞ்சு' என்ற வெள்ளைக்கு. அதன் முதுகில் இறகு போய், தோல் தெரிந்து, ரத்தம் வந்தது. ரத்தத்தைக் கண்டதும் மற்றவையும் சேர்ந்து கொத்தின.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அடிபட்டத தனியா வைங்க. இல்லன்னா எலும்புதான் மிஞ்சும்."

பஞ்சுவை மூன்று நாள் தனிக்கூடையில் வைத்தார். திரும்ப விட்டபோது, யாரோ அந்நியம் வந்ததுபோல ஐந்தும் பாய்ந்தன.

மகள் போனில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வர்றோம்பா. அவரோட சிநேகிதர் தோட்டத்துக்கு எல்லாத்தையும் கொடுத்துடலாம்."

"உங்கம்மா வளத்தது."

"அதான்பா. அம்மா வளத்தது. உங்களுக்கு அதுங்க பாஷை தெரியாது. ஒண்ணு சாகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். அந்த ஆறும் போய்விட்டால் இந்த வீட்டில் அவள் வளர்த்தது என்று மூச்சுவிடும் எதுவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்.

மறுபடி யோசித்தார். அடி வாங்கியதை ஏன் சிறையில் போட வேண்டும்? இந்த முறை மேனேஜரைக் கூடையில் அடைத்தார். பஞ்சுவின் புண்ணில், சிவப்பு தெரியாதபடி நீல மருந்து பூசினார். மூன்று நாள் கொல்லை அமைதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மேனேஜரை விட்டார். கொஞ்சம் அடங்கித்தான் வந்தது. ஆனால் தொட்டியைக் கண்டதும் பழைய குருடி கதவைத் திறடி.

பஞ்சு ஓடியது. வலையைச் சுற்றி ஓடி, வலது மூலையில் சட்டென்று நின்று, ஒன்றுமில்லாத தரையில் தலையைத் தாழ்த்திக் குனிந்தது. எதற்கோ அடியில் நுழைவதுபோல. அங்கேயே கொத்து வாங்கியது.

மறுபடியும் துரத்தல். மறுபடியும் அதே மூலை, அதே குனிவு.

பூட்டுக்காரர் வலையைப் பிடித்தபடி நின்றார். நாற்காலி இருந்த இடம் அது. அவள் போட்டு வைத்திருந்தது குப்பையில்லை. வாளிக்குப் பின்னால் ஒன்று, பலகைக்குப் பின்னால் ஒன்று, நாற்காலிக்கு அடியில் ஒன்று. ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் தின்ன இடம்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் வெறும் கொல்லையைப் பார்த்து. பிறகு, அவள் சொல்லிவிட்டுத்தானே போனாள் என்று நினைவு வந்தது.

நாற்காலி வாசலிலேயே கிடந்தது; தூக்கிவந்து பழைய மூலையில் போட்டார். வாளிக்கும் பலகைக்கும் பதில் பட்டறையிலிருந்து ஒரு மரப்பெட்டியும் தகரமும் கொண்டுவந்தார். நாலு கிண்ணங்களும் நாலு மூலைக்குப் போயின. நாற்காலிக்கு முட்டுக் கொடுத்த செங்கல் அன்று மதிலோரக் குவியலோடு சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒடிந்த காலின் கட்டை அழுத்திய வட்டத் தடம் உள்ள கல்லைத் தேடி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் இரண்டு கூடைகளோடு வந்தார்கள். நாற்காலிக்கு அடியில் நீல முதுகோடு பஞ்சு கொறித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்தது, சுற்றிப் பார்த்தது, ஒரு கொத்து கொடுத்துவிட்டு வேறு கிண்ணத்துக்குப் போனது.

"இந்த நாற்காலிய எறியணும்னு நிப்பீங்களே, அம்மா விடலையா?" என்றாள் மகள்.

"விடல. அவ போனப்புறம் நான்தான் எறிஞ்சேன், நானே எடுத்து வெச்சேன்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு மதிலோரம் வைத்தாள்.

"மாமா, நாலாவது கால் நான் அடிச்சுத் தரட்டுமா?" என்றார் மருமகன்.

"வேண்டாம் மாப்ள."

இன்னமும் அவரால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கொல்லைக்கும் பட்டறைக்குமாக நடக்கிறார். நாற்காலிக்குக் கால் மூன்றுதான். நான்காவதற்கு அதே செங்கல்.