தங்கபுஷ்பத்தின் ஈசோப்பு

ஈசோப்பு வளர்க்கப் போகிறேன் என்று தங்கபுஷ்பம் சொன்னபோது அவளுடைய மாதா கோயில் பங்கில் சிரிக்காத ஆள் இல்லை. வேதத்தில் வருகிற செடி மயிலாப்பூர் மொட்டைமாடியில் முளைக்குமா? ஆன்லைனில் வாங்கிய விதையில் பாதி முளைக்கவில்லை. முளைத்ததைச் சித்திரை வெயில் தின்றது, தப்பியதை ஐப்பசி மழை அழுக வைத்தது. அவளா விடுகிறவள்! காலை வெயில் மட்டும் படட்டும் என்று தண்ணீர் டேங்குக்குக் கிழக்கே தொட்டிகளை நகர்த்தினாள். மண்ணில் சரிபாதி மணலும், இடித்த சுவரின் சுண்ணாம்புக் காரையும் கலந்தாள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் காட்டினாள். மூன்றாம் வருஷம் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. இலையைக் கசக்கினால் புதினாவும் கற்பூரமும் கலந்த வாசனை, நாக்கில் வைத்தால் கசப்பு.

பாட்டுக் குழுவில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் அந்த இலையோடு மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுப்பாள். பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குக் காடியில் தோய்த்த கடற்பஞ்சை ஈசோப்பில் வைத்து நீட்டுவார்களே, அதற்கும் அவள் செடிதான். தண்டு குட்டை என்பதால் மூங்கில் கழியின் நுனியில் கொத்தாகக் கட்டிவிடுவார்கள். கோயிலுக்காகவே வளர்க்கிறாள் என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே பாராட்டியாயிற்று.

அது பாதி உண்மை. மீதி இலை அவள் உடம்புக்குப் போனது.

கணவன் பொன்ராஜுக்கு தி.நகரில் பாத்திரக் கடை. கடையில் வாய் நிறையத் தேன், வீட்டுக்கு வந்தால் கை பேசும். குழம்பில் உப்பு ஏறினால் ஒரு குத்து, எதிர்த்துப் பேசினால் பெல்ட். சேலை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கிற கெட்டிக்காரத்தனம் வேறு. அவன் கடைக்குப் போனதும் அவள் மாடி ஏறி இலையைக் கிள்ளி வருவாள். வெந்நீரில் நசுக்கி, கன்றிப்போன இடத்தில் துணியோடு வைத்துக் கட்டுவாள். வலி கொஞ்சம் அடங்கும். வெட்கம் அடங்காது. ஊருக்குத் தெரிந்தால் நாண்டுகொண்டு சாவதைத் தவிர வழியில்லை என்று அவள் நம்பினாள். எல்லோரையும் விட, தம்பி ததேயுஸுக்குத் தெரியவே கூடாது.

இந்த வருஷ நாடகத்தில் இயேசு அவன்தான். தவக்காலம் முழுக்கத் தாடி வளர்த்து விரதம் இருந்தான். சாட்டை அடிக்கிற சேவகன் வேஷம் வழக்கம்போல் பொன்ராஜுக்கு.

பெரிய வியாழன் காலையில் ஈசோப்பு வாங்க வந்த ததேயுஸ், கதவு திறந்து கிடக்கவே நேராக உள்ளே வந்துவிட்டான். ரவிக்கையின் கையைத் தோள்வரை சுருட்டி, அக்கா பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். புஜம் முழுக்க ஊதா நிறம்.

"என்னக்கா இது?"

"மாடிப்படில விழுந்துட்டேன்டா."

"படிக்கட்டுல பெல்ட் பக்கிள் இருக்கா?"

அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் அவன் நிற்கவில்லை. கடைக்குப் போய், வேலைக்காரப் பெண்கள் பார்க்க, பொன்ராஜின் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டான். "இனிமே அக்கா மேல கை வச்சீங்க, அத்தான்னு பாக்க மாட்டேன்."

பொன்ராஜ் சட்டையைச் சரிசெய்துகொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தான். அன்று வீட்டுக்கு வந்தும் அவள் மேல் கை வைக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் பிற்பகல் கோயில் மைதானம் நிரம்பி வழிந்தது. ஈசோப்பு கட்டிய கழியோடு தங்கபுஷ்பம் மேடை ஓரமாக நின்றாள். ததேயுஸைத் தூணில் கட்டினார்கள். வழக்கமாகச் சிவப்புச் சாயத்தில் தோய்த்த பஞ்சுக் கயிற்றை முதுகில் உரசவிட்டுத் தரையில்தான் அடிப்பார்கள். தூணடியில் இருக்கும் மைக் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், இயேசு துடித்துக் காட்டுவார்.

முதல் அடியிலேயே சத்தம் வேறாக இருந்தது. அது கயிறு இல்லை, கேபிள் வயர். தம்பியின் முதுகில் தோல் பிளந்தது. அடுத்த அடி அதன் மேலேயே விழுந்தது. பொன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தான். கூட்டம் விம்மி அழுதது.

"இன்னாமா நடிக்கிறாரு உங்க வூட்டுக்காரு!" என்று மூக்கைச் சிந்தினாள், பக்கத்தில் நின்ற பூக்கடை சுப்பம்மா. "ரத்தம் கூட நெசம் மாறியே கீது!"

ததேயுஸ் கத்தினான். அதற்கும் அழுதார்கள். கைகள் நிஜமாகவே கட்டப்பட்டிருந்தன. தங்கபுஷ்பம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாடகம் நின்றுவிடும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன்-ஐ மறைக்கத்தானே இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தம்பியின் முழங்கால் மடிவதைப் பார்த்தாள்.

மேடை ஏறிய வேகத்தில் கழியை இரண்டு கையாலும் சுழற்றிப் பொன்ராஜின் முகத்தில் அடித்தாள். ஈசோப்புக் கொத்து சிதறியது. அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மேடையெங்கும் கற்பூர வாசனை.

பொன்ராஜ் யோசிக்கவில்லை. அடித்துப் பழகிய கை. அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "வீட்டுக்கு வாடி, ஒனக்கு இருக்கு!"

மைக் அதையும் விடவில்லை. தெருக்கோடி வரை கேட்டது. அழுகை சட்டென்று நின்றது. வேதத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை என்பது கூட்டத்துக்குத் தெரியும்.

தங்கபுஷ்பம் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மைக்குக்கு அருகே குனிந்தாள்.

"இது நாடகம் இல்ல. எங்க வீட்ல தெனமும் நடக்குறது."

அட்டைக் கவசம் போட்ட மற்ற இரண்டு சேவகர்களும் பொன்ராஜை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அவள் தூணில் கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். சிதறிக் கிடந்த இலைகளைப் பொறுக்கிக் கசக்கி, தம்பியின் முதுகில் வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

"நடப்பியாடா?"

"எங்கக்கா, வீட்டுக்கா?"

"ஸ்டேஷனுக்கு."

முள்முடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கச்சேரி ரோட்டில் நடந்தான். சிலுவைப் பாதைக்கு வந்த கூட்டமெல்லாம் பின்னாலேயே வந்தது. ஸ்டேஷனில் ரைட்டர் பதறிப்போய் எழுந்து, ததேயுஸின் முதுகைப் பார்த்தார்.

"யாருமா இவர இப்டி அடிச்சது?"

"அத அப்புறம் எழுதிக்கலாம் சார்" என்று தங்கபுஷ்பம் ரவிக்கையின் கையைத் தோள்வரை சுருட்டினாள். "மொதல்ல என்னைய எழுதுங்க."