வெள்ளை கிரீஸ்

சுப்ரஜாவுக்கும் நீலாவுக்கும் பழக்கம் ஏற்பட்டதே துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயால்தான்.

சுப்ரஜா கோயம்புத்தூர்க்காரி. புனேயின் ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் வேலை, பக்கத்து வாகட்டில் வாடகை ஃபிளாட். கல்லூரி என்.சி.சி.யில் தொற்றிக்கொண்ட ஆசை முப்பது வயது தாண்டியும் விடவில்லை. லைசென்ஸுக்கு அலைந்து திரிந்து ஒரு பழைய இத்தாலிய பிஸ்டலை வாங்கினாள். சுட்டதும் காலி உறையைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக். நல்ல துப்பாக்கிதான். ஆனால் அதன் மேல்பாகமான ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடும்போதெல்லாம் அதில் போட்ட எண்ணெய் தெறித்து அவள் மூக்குக் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழும்.

"கருமம், மறுபடியும்!" என்று ஒருநாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கண்ணாடியைத் துடைத்தபோது பக்கத்து லேனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, நீங்க தமிழா?"

அதுதான் நீலா. புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுப்பையாவுக்கு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில்தான் வீடு. நீலாவுக்குத் தமிழ் படிக்க வராது. பேசும்போது பாதி இந்தி கலக்கும். ஆனால் அந்த ரேஞ்சில் சுப்ரஜாவோடு தமிழில் சிரிக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இருவரும் சேர்ந்து எண்ணெய் தேடினார்கள். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாக இருந்தது. ஸ்லைடு நன்றாக ஓடியது. ஆனால் ஒரு வாரம் பெட்டியில் கிடந்தால் வழிந்து போய்விடும், கண்ணாடியிலும் தெறிக்கும். இன்ஜின் ஆயிலைப் போட்டதில் வெடிமருந்துக் கரியெல்லாம் அதில் ஒட்டிக் கறுப்புச் சேறாகிவிட்டது. கடைசியில் நீலா ஒரு டப்பா வெள்ளை கிரீஸ் வாங்கிவந்தாள். தைலப் புட்டி ஒன்றைக் கழுவி, அதில் பாதியைப் போட்டு சுப்ரஜாவிடம் கொடுத்தாள். அக்டோபர் வெயிலில் ஒரு ஞாயிறு மதியம் முழுக்கச் சுட்டுப் பார்த்தார்கள். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. கண்ணாடியிலும் ஒரு பொட்டு இல்லை.

"இனிமே இதுதான்க்கா நம்ம பக்கா சரக்கு," என்றாள் நீலா.

டிசம்பரில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. பெண்கள் பிஸ்டலில் ஒரே ஒரு இடம்தான் காலி. அதற்குப் போட்டியே இவர்கள் இருவருக்குள்தான் என்று ரேஞ்சில் எல்லாருக்கும் தெரியும். சுப்ரஜா வழக்கமாக ஓரிரண்டு புள்ளி முன்னால் இருப்பாள். யார் ஜெயித்தாலும் கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் ஒன்றாக பிரியாணி சாப்பிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

சுப்ரஜா வேலை முடிந்து சாயங்காலமோ, ஞாயிறு மதியமோதான் சுட வருவாள். போட்டியோ விடிகாலையில். அந்த வாரம் புனேயில் குளிர் எலும்பைத் தொட்டது. முந்தின நாள் அவள் நீலாவுக்குப் போன் செய்தாள்.

"குளிர் இந்தப் போடு போடுது, கிரீஸ் இறுகிப்போகாம சரியா வருமா நீலா? பழையபடி எண்ணெயே போட்டறட்டுமா?"

மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை.

"ஏன்க்கா மாத்துறீங்க? மேட்ச்சுக்கு முன்னாடி எதையும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. நானும் அதேதான் போட்டிருக்கேன். கவலையில்லாம பிந்தாஸா தூங்குங்க."

அவள் தூங்கினாள்.

மறுநாள் காலை, நிதானச் சுற்றின் முதல் தோட்டாவிலேயே ஸ்லைடு சோம்பலாக நகர்வது கைக்குத் தெரிந்தது. சுட்டபின் முழுதாக மூடவில்லை. அந்தச் சுற்றில் நேரம் நிறைய உண்டு என்பதால் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் தள்ளி மூடிச் சமாளித்தாள். அப்படியும் அவள்தான் முன்னால் இருந்தாள். அடுத்தது வேகச் சுற்று. இலக்கு தெரியும் மூன்று நொடிக்குள் கையைத் தூக்கிச் சுட்டாக வேண்டும். இடைவேளையில் துணியைவிட்டு எட்டிய மட்டும் கிரீஸைத் துடைத்தாள். உள்ளே எட்டவில்லை.

"நீலா, உங்கிட்ட மெல்லிசா ஏதாவது எண்ணெய் இருக்கா?"

நீலா காதுக்கவசத்தைக் கழற்றாமலேயே இல்லை என்று தலையாட்டினாள்.

வேகச் சுற்றில் இரண்டாவது தோட்டாவின் உறை பாதியில் மாட்டிக்கொண்டது. சுப்ரஜா கையைத் தூக்கினாள். நடுவர் வந்து பார்த்து, விதிப்படி அந்த ஐந்து தோட்டா வரிசையைத் திரும்பச் சுட விட்டார். அந்தச் சலுகை ஒருமுறைதான். அடுத்த வரிசையில் மறுபடியும் மாட்டியது. சுடாத தோட்டாக்களுக்கெல்லாம் பூஜ்யம் விழுந்தது. பக்கத்து லேனில் நீலாவின் பிஸ்டல் ஒரே தாளத்தில் வெடித்துக்கொண்டிருந்தது.

அப்போதும் சுப்ரஜாவுக்குச் சந்தேகம் வரவில்லை. தன் துப்பாக்கி பழசு, அதனால்தான் என்றே நினைத்தாள். அணியில் இடம் பிடித்த நீலாவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். நீலாவின் உடம்பு விறைத்து நின்றதை, வெற்றியின் படபடப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

வழக்கம்போல் பிஸ்டலை ரேஞ்சின் ஆயுத அறையில் ஒப்படைக்கப் போனாள். பொறுப்பாளர் கிறிஸ்டோபர் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தவர், விரலில் ஒட்டியதைப் பார்த்து முகம் சுளித்து இந்தியில் கேட்டார்.

"என்னம்மா, நீயும் கிரீஸா? திங்கக்கிழமை காலைல நீலாவோடது இதே மாதிரி நின்னுபோச்சு. நான்தான் கழுவிக் குடுத்தேன். மெல்லிசு எண்ணெய் ஒரு பாட்டிலும் குடுத்து, உங்கிட்டயும் சொல்லச் சொன்னேனே. சொல்லலையா?"

சுப்ரஜாவுக்குப் போனில் கேட்ட அந்த ஒரு நொடி மௌனம் ஞாபகம் வந்தது. பிறகு அந்தத் தலையாட்டல்.

நீலா ஸ்கூட்டரைக் கிளப்பப்போன இடத்தில் போய் நின்றாள்.

"திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

நீலா சாவியைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லணும்னுதான்க்கா நெனச்சேன். வாய் வரல."

"வாய் வரலையா? 'நானும் அதேதான் போட்டிருக்கேன்'னு சொன்ன வாய் யாரோடது?"

"அப்பா மார்ச்ல ரிடையர் ஆகுறாரு. குவார்ட்டர்ஸ விடணும். ஸ்டேட் ஆடினா ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு." நீலா அழ ஆரம்பித்திருந்தாள். "உங்களுக்கு வேல இருக்கு, எல்லாம் இருக்கு. உங்களுக்கு இது ஷோக்கு, வெறும் பொழுதுபோக்குதானே அக்கா?"

பொய் சொன்னதைவிட அந்தச் சொல்தான் சுப்ரஜாவைக் குத்தியது. அலுவலகம் விட்டு வாகட் டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, கை ஓயும்வரை எத்தனை சாயங்காலம் சுட்டிருப்பாள்! அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் இவள்தான்.

"நேராச் சுட்டே என்னை ஜெயிச்சிருக்கலாம் நீ. உன்னை ஜெயிக்க என்னால ஆகுமான்னு நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன்," என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று தோன்ற, திரும்பி நடந்தாள்.

புகார் செய்ய ஒன்றுமில்லை. சிநேகிதியிடம் உண்மை சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை. சுப்ரஜா பிஸ்டலைக் கழுவி மெல்லிய எண்ணெய்க்கே திரும்பினாள். கண்ணாடியில் தெறித்தால் தெறிக்கட்டும். கோடிப்பக்க லேனுக்கு மாறிக்கொண்டாள். புதிதாக வந்த ப்ரீத்தி ஒருநாள் தன் எண்ணெயை நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்த்தாள். மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் வாங்கவில்லை.

நீலாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஒரு சாயங்காலம் சுப்பையா பேடா டப்பாவோடு வாகட் வீட்டுக் கதவைத் தட்டினார். முன்பின் வராதவர், விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எல்லாம் உங்களாலதாம்மா. எம்பொண்ணு தினம் உங்க பேரத்தான் சொல்லிட்டிருப்பா. இப்பல்லாம் சொல்றதே இல்ல. நீங்க ரெண்டு பேரும் சேந்து போறதில்லையா?"

சுப்ரஜா காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அந்த மனிதர் நொறுங்கிப்போவார். ஒன்றுமில்லை என்று சிரித்து மழுப்பவும் செய்யலாம். நீலாவுக்காக அப்படி மழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏன்னு நீலாகிட்டயே கேளுங்க, அப்பா. அவளே சொல்லட்டும்."

சுப்பையா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் கேக்கறேம்மா," என்று மட்டும் சொன்னார்.

அவர் கட்கி போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றிய நேரத்தில் போன் அடித்தது. நீலாவின் பெயர். சுப்ரஜா அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேடா டப்பாவை எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனிடம் கொடுக்கக் கீழே இறங்கினாள்.