கண்ணீர்க் குப்பிக்கு இரண்டு வாய்

ஒரு குடும்பத்துக்குக் கௌரவம் என்று ஒன்று இருந்தால், அதைக் கழுவித் துடைத்து வைக்கிற வேலை மருமகள் தலையில்தான் விழும். தையல்காரியின் புகுந்த வீட்டுக் கௌரவம் ஒரு சாண் நீளமுள்ள கண்ணாடிக் குப்பி. மேலே சின்னத் தட்டுப்போல விரிந்த வாய், நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொப்பை, கீழே கிளிமூக்காகக் கூர்ந்து மெழுகு வைத்து அடைத்த முனை. இளம்பச்சை நிறம். உள்ளுக்குள் இரண்டு மூன்று காற்றுக் குமிழிகள்.

அது கண்ணீர்க் குப்பி என்பது அந்த வீட்டாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் வாழ்ந்தவள், வினிகர் வியாபாரம் செய்து வினிகர் அம்மாள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள், புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தில் இந்தத் தட்டு வாயைக் கண்குழியில் வைத்து அழுது அழுது நிரப்பினாளாம். அன்றிலிருந்து வீட்டில் யார் இறந்தாலும் நெருங்கிய சொந்தம் ஆளுக்கொரு சொட்டு அதற்குள் விட வேண்டும் என்று ஆகிவிட்டது. வாய் சற்றுச் சாய்வாக இருந்ததால் கழுத்தைக் கோழிபோலத் திருப்பிக்கொண்டுதான் கண்ணில் வைக்க முடியும். அந்த அவஸ்தையையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் தையல்காரியின் கணவர் போனார். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவர். அவள் கண்பார்வை மங்கத் தொடங்கியதிலிருந்து, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பத்து ஊசியில் நூல் கோர்த்து வைத்துவிட்டுப் போவார். கடைசியாக அவர் கோர்த்து வைத்ததில் இரண்டு ஊசிகளை அவள் இன்னும் தொடவில்லை. இப்படிப்பட்டவருக்காகக் குப்பியைக் கண்ணில் வைத்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கூடம் நிறைய ஆட்கள். சிமிட்டிப் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள். நெஞ்சு கனத்துக் கிடந்ததே தவிர கண் நனையவில்லை. குப்பியைக் கீழே வைத்தாள். அடுத்து வாங்கிய நாத்தனார் முத்துப்போல ஒரு சொட்டு விட்டாள்.

"எங்க அண்ணனுக்கு ஒரு சொட்டுக்குக்கூட வழியில்லாம போச்சே!" என்று நாத்தனார் சொன்னது அன்றே தெருக்கோடி வரை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தையல்காரி கல்நெஞ்சக்காரி ஆனாள். அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது, ஒருவேளை நாம் கல்தானோ என்று.

வருஷம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை வருஷ நினைவுக்குச் சொந்தமெல்லாம் மறுபடி கூடும், குப்பி மறுபடி கைக்கு வரும். புதன்கிழமை அதைப் பளிச்சென்று வைப்போம் என்று வெந்நீரில் போட்டாள். மெழுகு கரைந்து போய்விட்டது. கிளிமூக்கின் நுனியில் ஓர் ஓட்டை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"சரிதான், இனிமே குப்பியை உடைச்சவள்னும் சொல்வாங்க," என்று முனகிக்கொண்டே, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கல்லூரியின் கண்ணாடிப் பட்டறைக்கு ஓடினாள்.

அங்கே ஆய்வகத்துக்கு வேண்டிய குடுவைகளும் குழாய்களும் ஊதிக் கொடுக்கிறவருக்கு ஊதல் மாஸ்டர் என்று பேர். நீலச் சுடருக்கு முன்னால் ஒரு குழாயைச் சுழற்றிக்கொண்டிருந்தவர், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மாஸ்டர், இந்த ஓட்டையை அடைச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

அவர் நுனியை விரலால் தடவினார். "நீங்க தைக்கிறவங்கதானே? பொத்தான் மாட்டுற காஜாவைக் காட்டி, துணி கிழிஞ்சிருக்கு, தைச்சு மூடுங்கன்னு ஒருத்தர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்தரிக்கோலாலயே ஒண்ணு போடுவேன்."

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார் மாஸ்டர். "தொட்டுப் பாருங்கம்மா. உடைஞ்ச கண்ணாடின்னா கையை அறுக்கும். இது நெருப்புல காட்டி மழமழன்னு உருட்டின விளிம்பு. ஓட்டை இல்ல, வாய். வேணும்னே வெச்ச வாய்."

தட்டுக்குக் கீழே கடுகளவில் மூன்று புள்ளிகள் பதிந்திருந்ததை அவர்தான் காட்டினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய அளவைக் குழாயை எடுத்தார். அதிலும் அதே மூன்று புள்ளிகள். இந்தப் பட்டறையைத் தொடங்கிய ஆளின் முத்திரையாம். அவர் செய்த ஒவ்வொரு உருப்படியையும் வரைந்து வைத்த நோட்டுப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருந்தது. மாஸ்டர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். தொப்பையும் கிளிமூக்குமாக அந்தக் குப்பியே படமாக உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்ததை வாசித்தார்.

"வினிகர் அம்மாளுக்கு. பீப்பாயிலிருந்து ருசி பார்க்க எடுக்கும் குழாய். மேல்வாய் அவருடைய வலது பெருவிரலுக்கு அளவெடுத்துச் செய்தது. கணவர் காலமாகி இரண்டாம் மாதம். வியாபாரத்தை இனி தானே பார்ப்பதாகச் சொன்னார். இது மூன்றாவது குழாய். முதல் இரண்டையும் உடைத்துவிட்டார். இதையும் உடைத்தால் தகரத்தில் செய்துகொள்ளச் சொல்லியாயிற்று."

தையல்காரி சிரித்த சிரிப்பில் அலமாரிக் குடுவைகள் அதிர்ந்தன. மாஸ்டர் ஒரு குடுவையில் சாயத் தண்ணீர் எடுத்து, குப்பியை அதில் முக்கச் சொன்னார். தண்ணீர் தானாக ஏறியது. மேல்வாயில் பெருவிரலை வைத்துத் தூக்கினாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. விரலை எடுத்ததும் கொட்டியது. அந்தச் சாய்ந்த தட்டு அவள் விரலுக்கு அப்படியே பொருந்தியது.

நடந்ததையெல்லாம் கேட்ட மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குக் கஷ்டம்னா, உள்ள ரெண்டு சொட்டு தண்ணி விட்டு மெழுகு வெச்சுத் தரேன். யாரு கண்டா? பேரும் மீண்டுடும்."

ஆசையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை முழுக்க மாஸ்டர் கொடுத்த மெழுகுத் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீரில் ஒரு வருஷத்துப் பழி போகுமென்றால் லாபம்தானே? ஆனால் கணவர் வாழ்ந்தபோது அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்காலிகள் நிறைந்தன. நாத்தனார் குப்பியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து அண்ணியிடம் நீட்டினாள். "இந்த வருஷமாவது வருதான்னு பாருங்க அண்ணி."

தையல்காரி அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. மேசையில் இருந்த எலுமிச்சை ஜூஸ் ஜாடிக்குள் முக்கி, பெருவிரலை வைத்துத் தூக்கி, சின்ன மாமனாரின் டம்ளரில் விட்டாள். நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதி வந்ததை அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"நூறு வருஷமா வினிகர் எடுக்கிற குழாயையா கண்ணுல வெச்சோம்?" என்றார் சின்ன மாமனார்.

"வினிகர் விக்கிற வீட்டுல வேற என்ன இருக்கும்?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு வெடித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்காமல் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

தையல்காரி பின்னாலேயே போனாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். நாத்தனார் குழாயடியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் விட்டது கண்ணீர் இல்ல அண்ணி. இங்க வந்து விரலை நனைச்சுட்டுப் போனேன்."

தையல்காரி அந்தக் குழாயைப் பார்த்தாள்.

"எனக்கும் வரல. தூக்கி வளர்த்த அண்ணனுக்கு அழுகை வரலேன்னா நான் என்ன ஜென்மம்னு பயந்துட்டேன். நீங்க அத்தனை பேர் முன்னாடி ஒண்ணும் வேஷம் போடாம குப்பியைக் கீழ வெச்சீங்க. எனக்கு வந்தது கோபம் இல்ல. பொறாமை."

"அந்தப் பொறாமையிலதான் ஒரு வருஷம் என்னைக் கல்நெஞ்சக்காரின்னு ஊரெல்லாம் சொன்னியா?"

"ஆமா."

"அவ்வளவு பேர் கேக்கச் சொன்னியே. இதையும் அவ்வளவு பேர் கேக்கச் சொல்வியா?"

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். வாய் என்று வந்துவிட்டால் அவளுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சத்தம்தான். "எல்லாரும் கேளுங்க! போன வருஷம் நான் விட்டது குழாய்த் தண்ணி. அண்ணி ஒருத்தங்கதான் பொய் சொல்லல. நான்தான் அவங்க பேரைக் கெடுத்தேன்."

சின்ன மாமனார் டம்ளரைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினார். "நான்... எச்சில்," என்றார். ஜன்னலோரத்து அத்தை வெங்காயம் என்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவர் கண் மருந்து என்றார். ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்து ஒப்புக்கொள்ளச் சிரிப்பு ஒரு பக்கம், செருமல் ஒரு பக்கமாகக் கூடமே கலகலத்தது.

ஒரு வருஷமாக அந்த வீட்டில் தான் ஒருத்திதான் கல் என்று நினைத்திருந்தவள், சமையலறை வாசற்படியில் நின்று எல்லாரையும் பார்த்தாள். அத்தனை பேரும் அவரை நேசித்தவர்கள்தான் என்பதில் அவளுக்கு அந்த நிமிஷம் எந்தச் சந்தேகமும் இல்லை. நாத்தனார் தன் நாற்காலியில் பாதி இடம் விட்டு, "வாங்க அண்ணி, உக்காருங்க," என்றாள்.