எக்ஸ்ப்ளோரரை நீக்குக

படங்கள் போயின. கீழே இருந்த பட்டை போயிற்று. மணி காட்டும் மூலையும் போய், கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் பூந்தோட்டம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மீனாட்சிசுந்தரம் எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, தன் மேசைக்குப் போய் வருகைப் பதிவேட்டை விரித்துக்கொண்டார். அடடா, என்ன சுறுசுறுப்பு!

கல்லல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதில் இருபத்தெட்டு வருடமாக அவர்தான் தலைமை எழுத்தர். கையெழுத்து மணிமணியாக இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுத ஊரே அவரைத் தேடி வரும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கையெழுத்தை யார் சீந்தினார்கள்? போன வாரம் காரைக்குடியில் நடந்த பள்ளி எழுத்தர்கள் கூட்டத்தில், இணையம் பார்க்கிற பழைய எக்ஸ்ப்ளோரர் ஆபத்து, நீக்கிவிடுங்கள் என்றார்கள். ‘எக்ஸ்ப்ளோரரை நீக்குக’ என்று ஒரு சீட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்தார். இன்று ஆபரேட்டர் தீபலட்சுமி சாப்பிடப் போன நேரம் பார்த்து, கூட்டத்தில் காட்டித்தந்தபடி, ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியல் போடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். அதே பெயர் அங்கே இருந்தது. நிறுத்தவா என்று கேட்டது. நிறுத்து என்றார். திரையில் படங்களையும் பட்டையையும் கடைவிரிக்கிற எக்ஸ்ப்ளோரர் வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மகள் வயசுப் பெண்ணிடம் போய்க் கேட்பதாவது! பதறிப்போய் டாஸ்க் மேனேஜரையும் மூடிவிட்டார்.

தாளாளர் நாச்சியப்பன் வந்து திரையைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைத் தேர்வுத்துறைக்கு அனுப்பியாக வேண்டும்.

“யாரு தொட்டது?”

“காலைல தீபாதான் பென் டிரைவைச் சொருகுனுச்சு,” என்றார் மீனாட்சிசுந்தரம். பொய் இல்லை, சொருகியது நிஜம். ஆனாலும் சொல்லி முடித்ததும் பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டார்.

தீபலட்சுமி கழுவிய டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டியேம்மா. நாளையிலருந்து வர வேணாம்,” என்றார் நாச்சியப்பன்.

அவள் மீனாட்சிசுந்தரத்தைத்தான் திரும்பிப் பார்த்தாள். தனக்காகப் பேச அங்கே அவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு. அவர் பதிவேட்டில் இல்லாத பிழையைத் தேடினார்.

“ஒரு நிமிசம் பாக்கட்டுமா சார்?”

உட்கார்ந்தாள். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினாள். டாஸ்க் மேனேஜர் வந்தது. புதிய வேலை என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று அடித்து என்டரைத் தட்டினாள். பட்டை வந்தது, படங்கள் வந்தன, மூலையில் மணி இரண்டே கால் என்று வந்தது. பெயர்ப்பட்டியலும் பத்திரமாக இருந்தது. மவுஸை நகர்த்தும்போதுதான் அதனருகே கிடந்த சீட்டைப் பார்த்தாள். யாருடைய எழுத்து என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. சீட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“திரையைக் காட்டுற புரோகிராம் நின்னுபோச்சு சார். ஃபைல் எதுவும் அழியல. சில நேரம் தானா நின்னுரும்.”

“தானா நிக்குமாம்ல! கண்டதைச் சொருகுனா நிக்காம என்ன செய்யும்? இந்த மாசத்தோட ஒன் கணக்கை முடிச்சுக்க,” என்று சொல்லிவிட்டு நாச்சியப்பன் தன் அறைக்குப் போய்விட்டார்.

தீபலட்சுமி சீட்டைக் கொண்டுவந்து பதிவேட்டின் மேல் வைத்தாள். “ஒங்களுது சார், அங்குட்டுக் கெடந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்ல.”

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார். அவருக்குக் காது மடல்வரை சுட்டது. தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவள் பட்டியலை அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. ஒருமுறை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுந்தார். தாளாளர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“என்ன மீனாட்சிசுந்தரம்?”

சீட்டைப் பிரித்து, மேசைமேல் தாளாளர் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக, சுழி ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தது.

நாச்சியப்பன் சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.